சரியாகச் சொல்லுங்கள்

பிப்ரவரி 3, திங்கள். துகுயு

விசா புதுப்பிக்க ம்பேயா போய் வந்தேன். ஒன்றரை மணி நேரம் பஸ், மூன்று மணி நேரம் வரிசை, அஞ்சு நிமிஷ வேலை. தான்சானியா வந்து இரண்டு வருஷமாகியும் எந்த ஆபீசிலும் எனக்கு முன்னால் பதினாறு பேர் நிற்கிறார்கள். படிவம் எழுதிய அம்மாள் கணவர் பெயர் கேட்டதும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "வாயில சொன்னா போதாதா?" என்றார். "எழுதுறது கஷ்டம், பார்த்தே எழுதிக்கோங்க" என்றேன்.

இங்கே என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். கர்ப்பிணிகளுக்கு ஒரு போன் லைன். இந்த மலைப்பக்கத்து நியாக்யூசா மொழியில் ஒரு பெண் கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று சொன்னால், மெஷின் கேட்டுப் புரிந்துகொண்டு, பயப்படாதே என்றோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றோ பதில் சொல்லும். எடுப்பது ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு.

"எங்க பாஷை கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?"

"தெரிய வைக்கத்தான் அருப்புக்கோட்டையிலேருந்து வந்திருக்கேன்." சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

சாயங்காலம் ஊரிலிருந்து இவர் போன் பண்ணினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 6

மார்ச் 26-தான் நாள். ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் நிதிக்காரர் யோஹான் மெயில் அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஐம்பது பெண்கள் லைனைக் கூப்பிட வேண்டும். நாற்பது பேர் சொன்னதையாவது மெஷின் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டால் ஐந்து வருஷத்துக்கு நிதி, இதே ஊரில் இருபது பேருக்கு மென்பொருள் பயிற்சி. இல்லாவிட்டால் ஏப்ரல் பதினைந்தோடு கடையைச் சாத்திக்கொண்டு போகலாம்.

ஆப்பிரிக்காவுக்கு ஆப்பிரிக்காவே செயற்கை நுண்ணறிவு செய்ய வேண்டும் என்று மாநாட்டுக்கு மாநாடு பேசுகிறார்கள். பேசப் போனால் டீ கிடைக்கிறது, துணிப்பை கிடைக்கிறது. கம்ப்யூட்டர் வாடகைக்கு என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது கேட்காமல் போய்விடுகிறது. யோஹான் ஒருவர்தான் கேட்டுக்கொண்டார். அவரையும் விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை. எனக்கு மட்டுமா? ஆபீசில் ஒன்பது பேர். லுசாஜோவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாசம். போனிலேயே புரோகிராமிங் படித்த ஆள், பஜாஜி ஓட்டிக்கொண்டிருந்தவர். நம் ஊர் ஆட்டோவுக்கு இங்கே பஜாஜி என்று பெயர். எங்கள் மெஷினின் மூளை மொத்தமும் அவர் எழுதியது. சென்னையில் இருந்தால் கம்பெனிகள் வாசலில் வந்து நிற்கும். இங்கே நான் மட்டும்தான் நிற்கிறேன்.

பிப்ரவரி 11

மெஷினுக்குப் புரியாதபோது சொல்லவேண்டிய வாக்கியத்தை இன்று முடித்தோம். கூட்டாளி அடுபேலேதான் மெஷினுக்குக் குரல் கொடுக்கிறவள். தார் எஸ் சலாமில் வளர்ந்தவள், முப்பத்தி நாலு வயசு, கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். அவள் நீளமாக ஒன்று எழுதி வைத்திருந்தாள்: அம்மா, வருத்தப்படாதீர்கள், எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, நிதானமாக இன்னொரு தடவை, இத்யாதி. ஒன்பது செகண்ட்.

"ஒன்பது செகண்ட் எவ கேட்பா? சுருக்கு" என்றேன்.

"மன்னிக்கவும். புரியவில்லை. சரியாகச் சொல்லுங்கள்." நாலே செகண்ட். மூன்று தடவை இதைச் சொன்ன பிறகும் புரியாவிட்டால் மெஷின் போனை வைத்துவிடும்.

"கொஞ்சம் வாத்தியார் மாதிரி இருக்குக்கா" என்றாள் அடுபேலே. இருந்தால் என்ன? வாத்தியார் சொன்னால்தான் நாமெல்லாம் சரியாகச் சொன்னோம்.

பிப்ரவரி 14

மழை. துணி காய்ந்து ஐந்து நாளாகிறது.

கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் குப்பையைக் கழித்தேன். மெஷினுக்குப் பாஷை கற்றுக்கொடுக்க, கிராமத்துப் பெண்களைக் கூப்பிட்டுப் பேச வைத்துப் பதிவு செய்கிறோம். காதில் ஒரு வாக்கியம் ஒலிக்கும், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யமாட்டேன் என்கிறார்கள். ஒரு சொல்லை விட்டுவிட்டு வேறு ஏதோ சொல்கிறார்கள். ஒரு சொல் மாறினாலும் தள்ளு என்பது என் விதி. சரிபார்க்கிற காலேஜ் பிள்ளைகள் தள்ளித் தள்ளி, பாதிக்குப் பாதி தள்ளுபடி. தள்ளினதற்குக் கூலி கிடையாது, அதுவும் என் விதிதான். ஒருத்தியும் ஏன் என்று சண்டைக்கு வரவில்லை. பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மொத்தத்தையும் அழித்தேன். வீடு பெருக்கின மாதிரி நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 27

சோதனை ஓட்டம். பதிவுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் லைன் நம்பரைக் கொடுத்திருந்தோம். காலேஜ் பெண்கள் கூப்பிட்டால் தொண்ணூறு சதவீதம் புரிகிறது. கிராமத்துப் பெண்கள் கூப்பிட்டால் நாற்பதுகூடத் தேறவில்லை. திரையில் புரிந்த அழைப்பு பச்சை, புரியாதது சிவப்பு. சிவப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிகிறது.

சிக்னல் கோளாறு என்கிறான் ஒருத்தன். மழைச் சத்தம் என்கிறான் இன்னொருத்தன். பெண்களுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்று நானே சொன்னேன்.

இவரிடமிருந்து நாலு நாளாகப் போன் இல்லை. கணக்கு முடிக்கிற மாசம், வேலை மும்முரமாக இருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

இதை எழுத உட்கார்ந்தும் எழுத வரவில்லை. காய் நறுக்கினேன், சோறு வடித்தேன், இப்போது வந்திருக்கிறேன்.

காலையில் அடுபேலேயும் நானும் பஜாஜி பிடித்து துசெகிலே வீட்டுக்குப் போனோம். அதிகமாகத் தள்ளுபடியானவள் அவள்தான். இருபத்தாறு வயசு இருக்கும், முதல் பிள்ளை, ஆறு மாசம். வாழைத்தோப்புக்கு நடுவில் வீடு. மாமனார் வெளியே உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் இருக்கிற பக்கமே போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தாள். வெட்கம் போல என்று நினைத்தேன்.

காதில் கருவியை மாட்டி, "எனக்கு ரத்தம் போகிறது" என்ற வாக்கியத்தைக் கேட்கவிட்டேன். அவள் சொன்னாள். 'ரத்தம்' வரவில்லை, வேறு எதுவோ வந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான்.

"ஏம்மா, காது கேட்குதா இல்லையா? ஏன் மாத்துறே?" என்று சத்தம் போட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவ எப்படிச் சொல்லுவா? எங்கப்பா பேருல அந்தச் சத்தம் வருதே!" என்றாள்.

பிறகு அடுபேலே கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னாள். கட்டிக்கொண்டு வந்த வீட்டில் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. அதோடு போகவில்லை, அந்தப் பெயரின் ஓசை எந்தச் சொல்லில் வந்தாலும் அந்தச் சொல்லையே சொல்லக்கூடாது. அதற்குப் பதில் ஒரு சொல் வைத்துக்கொள்வார்கள். இந்த வீட்டில் ரத்தத்துக்கு 'அடுப்புச் சிவப்பு' மாதிரி ஒரு சொல். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ரத்தம் சொல்லலாம், தண்ணீர் சொல்லக்கூடாது. அதற்கடுத்த வீட்டில் வயிறு. எல்லா வீட்டிலும் இல்லையாம், ஆனால் நிறைய வீட்டில் உண்டு.

"உனக்குத் தெரியாதா?" என்று அடுபேலேயை உலுக்கினேன்.

"எங்கம்மா அப்படிப் பேசுவா. பழைய ஆளுங்க பழக்கம்னு நெனச்சேன்க்கா. நான் அந்த வீட்டுக்கெல்லாம் வாழப் போகலையே."

சரிபார்த்த பிள்ளைகள் ஒருத்தருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆக, அந்தப் பெண்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் பாஷையை அவர்கள் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். நான்தான் அதைக் குப்பை என்று அழித்தேன்.

அருப்புக்கோட்டையில் என் பெரியம்மாவும் இந்த ரகம்தான். பெரியப்பா பெயர் முருகன். கோவிலுக்குப் போய்விட்டு வந்து "அந்த வேல் வச்சிருக்கிற சாமியைக் கும்பிட்டேன்" என்பாள். நாங்கள் சிரிப்போம். நல்லவேளை, நமக்கெல்லாம் அந்தப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

மார்ச் 10

லுசாஜோவிடம், அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். புதிதாகச் சேர்க்க எத்தனை நாள்?

"வீட்டுக்கு வீடு சொல் மாறுதுன்னா மூணு மாசம். அதுவும் அவங்க திரும்ப வந்தா."

வரவில்லை. ஆள் அனுப்பினோம். "நாங்க பேசுறது சரியில்லைன்னு அனுப்பினீங்களே, இப்ப சரியாயிருச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறார்கள், கூப்பிட எனக்கு முகம் இல்லை. பரீட்சைக்குப் பதினாறு நாள்.

மார்ச் 14

பரீட்சைக்குக் கூப்பிடுகிற ஐம்பது பெண்களின் பட்டியலை எங்களையே தரச் சொல்லியிருக்கிறார் யோஹான். "இந்த மாவட்டத்துப் பெண்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

நர்சிங் காலேஜுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து நானும் அடுபேலேயும் பட்டியல் போட்டோம்.

"இந்தப் பொண்ணுங்க ஒருத்திக்கும் கல்யாணம் ஆகலைக்கா."

"பெண்கள்னுதான் கேட்டிருக்கார். கட்டினவளான்னு கேட்டாரா?"

"லைன் யாருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"முதல்ல லைன் இருக்கட்டும்டி. இருந்தாத்தான் திருத்த முடியும். செத்த லைனை வச்சு யாருக்கு என்ன பண்ணப்போறே?"

அவள் டீயைத் தள்ளி வைத்தாள். பிறகு பேனாவை வாங்கி, மிச்சம் பதினெட்டுப் பேரை அவளே எழுதினாள். நான் பொய் எதுவும் எழுதவில்லை. பட்டியலில் இருக்கிற ஐம்பது பேரும் பெண்கள், ஐம்பது பேரும் இந்த மாவட்டம்.

மார்ச் 18

லுசாஜோ ஒரு யோசனையோடு வந்தார். மூன்று தடவையும் புரியாவிட்டால் மெஷின் போனை வைக்கவேண்டாம், நம் ஆபீசில் பகலில் இருக்கிற நர்சுக்கு மாற்றிவிடலாம். இரண்டு நாள் வேலை.

நல்ல யோசனைதான். ஆனால் பரீட்சையில் ஒரு அழைப்பு நர்சுக்குப் போனாலும் மெஷின் தோற்றதாகத் தெரியும். 26 தாண்டட்டும் என்றேன்.

"எட்டு நாள்ல யாராவது கூப்பிட்டா?"

"இவ்வளவு நாள் கூப்பிடலையா?"

அவர் கம்ப்யூட்டரை மூடினார். பிறகு குழந்தைக்குச் சளி மருந்து வாங்க வேண்டும் என்று அரை நாள் லீவு கேட்டார். கொடுத்தேன்.

மார்ச் 22

வாழைப்பழம், உருளைக்கிழங்கு, சோப்பு வாங்கினேன். இவருக்கு நானே போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

மார்ச் 26, புதன்

ஐம்பதில் நாற்பத்தேழு!

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடிந்தது. திரை முழுக்கப் பச்சை. யோஹான் வீடியோவில் எழுந்து நின்று கைதட்டினார். இதையே மாதிரியாக வைத்து இன்னும் நாலு நாட்டில் செய்யலாம், ஆப்பிரிக்காவின் சிறிய மொழிகளுக்கெல்லாம் இது வழிகாட்டி என்றார். லுசாஜோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் கையிலும் கொடுத்தார். நர்சம்மா ஆடினாள். நானும் ஆடினேன், எனக்கு ஆடத் தெரியாது. அடுபேலே மட்டும் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரே ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். "இந்த ஐம்பது பேரும் லைனைப் பயன்படுத்தப்போகும் பெண்களின் சரியான மாதிரி" என்று உறுதிமொழி. திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே. நாளைக்குப் போடுகிறேன்.

மார்ச் 27

பரீட்சை அழைப்புகளைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று நேற்று லைனுக்கு வந்த அழைப்புகளைத் திறந்தேன். எங்கள் ஐம்பது பேர் பட்டியலில் இல்லாத ஒரு நம்பர் நடுவில் இருந்தது. 10:12 சிவப்பு. 10:15 சிவப்பு. 10:21 சிவப்பு. 10:40 பச்சை.

மூன்று தடவை சிவப்பான நம்பர் நாலாவது தடவை எப்படிப் பச்சையாகும் என்று பதிவைக் கேட்டுப் பார்த்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

முதல் மூன்றிலும் துசெகிலே. மூச்சு வாங்குகிறது. 'அடுப்புச் சிவப்பு' என்கிறாள். அடுப்புச் சிவப்பு போகிறது, நிறையப் போகிறது. எனக்கு அந்தச் சொல் இப்போது தெரியும், எனக்குப் புரிகிறது. மெஷினுக்குப் புரியவில்லை. அடுபேலேயின் குரலில், நான் சுருக்கிக் கொடுத்த வாக்கியத்தைச் சொல்கிறது. மன்னிக்கவும். புரியவில்லை. சரியாகச் சொல்லுங்கள். ஒரு அழைப்புக்கு மூன்று தடவை. மூன்று அழைப்புக்கு ஒன்பது தடவை. பிறகு வைத்துவிடுகிறது.

நாலாவதில் முதலில் மழைச் சத்தம் மட்டும். பிறகு அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். ரத்தம். அவள் சொல்லக்கூடாத சொல், கல்யாணமான நாளிலிருந்து வாயில் எடுக்காத சொல். மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் உடனே புரிந்துகொண்டது. "இது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றது. பச்சை விளக்குப் போட்டுக்கொண்டது.

இருபத்தெட்டு நிமிஷம். அந்த நேரத்தில் நான் இதே அறையில் பச்சையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28

மாவட்ட ஆஸ்பத்திரி. குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தையாம். அவள் பிழைத்துவிட்டாள்.

வாசலில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "போன்ல அவ அதைச் சொல்றப்ப எங்கப்பா வாசல்லதான் இருந்தார். கேட்டுட்டார். அவர் ஒண்ணும் சொல்லலை, ஓடிப்போய் வண்டி பிடிச்சதே அவர்தான். இவதான் இனிமே அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்னு அழுவுறா" என்றாள். "மூணு தடவை கூப்பிட்டுப் பார்த்தா. சரியாப் பேசலைன்னு உங்க மெஷின் திட்டுச்சாம். தனக்குத்தான் பேச வரலைன்னு நெனச்சுக்கிட்டா."

உள்ளே போனேன். அடுபேலே கூட வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குரலைக் கேட்டால் துசெகிலே என்ன ஆவாளோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சுவாஹிலியில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். நீ சரியாகத்தான் பேசினாய், நாங்கள்தான் கேட்கவில்லை என்றேன். துசெகிலே சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பினாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"புருஷன் பேர் என்ன?"

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். பதினெட்டு வருஷமாக இவர், அவர், என்னங்க, வீட்டுக்காரர். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. என்னை அறியாமல் என் கை பைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டைத் தேடியது. வெட்கக்கேடு. படித்த கழுதை, கம்ப்யூட்டருக்குப் பாஷை சொல்லிக்கொடுக்கக் கடல் தாண்டி வந்த கழுதை, ஒரு பெயரைச் சொல்ல முடியாமல் பையைத் துழாவிக்கொண்டு நிற்கிறேன்.

துசெகிலே என் கையைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். அடுபேலேயின் குரல் எப்படி ஏறி இறங்குமோ அப்படியே, ஏற்ற இறக்கம் மாறாமல் சொன்னாள்.

"மன்னிக்கவும். புரியவில்லை. சரியாகச் சொல்லுங்கள்."

அடுபேலே வெளியே ஓடிவிட்டாள். துசெகிலே மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 31, திங்கள்

தாளில் கையெழுத்துப் போடவில்லை. லுசாஜோவையும் அடுபேலேயையும் உட்காரவைத்து, யோஹானுக்கு என்ன எழுதப்போகிறேன் என்று முதலில் அவர்களிடம் படித்துக் காட்டினேன். பட்டியலை எப்படிப் போட்டேன், எதை அழித்தேன், எதைத் தள்ளிப்போட்டேன், எல்லாம். லுசாஜோ தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டார். அனுப்பாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன். சொல்லவில்லை.

"பட்டியல்ல பதினெட்டுப் பேர் என் கையெழுத்து. அதையும் எழுதுங்க" என்றாள் அடுபேலே. எழுதினேன். பகல் பன்னிரண்டுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 2

பதில் வந்தது. மரியாதையான பதில். நேர்மைக்கு நன்றி, நிதிக்குழு இதைத் தொடர இயலாது.

நாலு நாடு போயிற்று, இருபது பேர் பயிற்சி போயிற்று. லுசாஜோ மாமாவின் பஜாஜியைத் திங்கள் முதல் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போலக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நான் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 3

லைன் பதினைந்தாம் தேதி வரை இருக்கும். அதுவரைக்கும் வாடகை கட்டியாகிவிட்டது.

மூன்று தடவையெல்லாம் கிடையாது, முதல் தடவை புரியாவிட்டாலே நர்சுக்குப் போகிறபடி லுசாஜோ மாற்றிவிட்டார். இரண்டு நாள் வேலை என்றார், ஒரு நாளில் முடித்தார். அந்த வாக்கியத்தை எடுத்தாயிற்று. புதியதை நான் சொல்லச் சொல்ல அடுபேலே எழுதினாள். பதிவு செய்யும்போது இரண்டு தடவை குரல் உடைந்தது, மூன்றாம் தடவை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீங்கள் சரியாகத்தான் சொல்கிறீர்கள். எங்களுக்குத்தான் புரியவில்லை. போனை வைத்துவிடாதீர்கள். இதோ, நர்ஸ் வருகிறார்."

பதினொரு செகண்ட். சுருக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் சிவப்பு வந்தது. நர்சம்மா எடுத்தாள். அந்தப் பெண் ஏதோ சொல்ல, இவளுக்கும் புரியவில்லை. "உங்க வீட்ல அதுக்கு என்ன சொல்லுவீங்க, நிதானமாச் சொல்லும்மா" என்றாள். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றோம்.